கல்லூரி ஃபுட்பாலின் பெரிய கோச் யார் என்று கேட்டால், என் பதில் பில் ஸ்னைடர்

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்க ஆட்டம்) நிக் சேபனைத் தவிர வேறு யாரையாவது ஆகச் சிறந்த கோச் என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் அவர் என்ன சாதித்தார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."

முடியும். கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பில் ஸ்னைடர். அவர் ஒரு தேசிய சாம்பியன் பட்டம்கூட வாங்கியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் திருப்பிக் கேட்பது அதைத்தான். சேபன் ஏழு பட்டம் வாங்கினார், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்று, அலபாமாவில் ஆறு. அதைக் குறைத்துப் பேச எனக்குக் கொஞ்சமும் ஆசை இல்லை. ஆனால் சேபன் போய்ச் சேர்ந்த அலபாமா, பேர் பிரையன்ட் என்ற பழைய கோச் ஏற்கெனவே ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்திருந்த இடம். கொஞ்ச காலம் தூங்கிக் கிடந்தது, அவர் போய் எழுப்பினார். ஸ்னைடர் போன இடத்தில் எழுப்புவதற்கு எதுவுமே இல்லை. ஒரு கோச்சை அளக்கும்போது எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பார்ப்பதோடு எங்கிருந்து கிளம்பினார் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் ஸ்னைடருக்குப் பக்கத்தில் நிற்க ஆளே கிடையாது.

இந்த ஆட்டத்தை அவ்வளவாகப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். என்எஃப்எல் மாதிரி தொழில்முறை லீகில் போன வருடம் கடைசியில் வந்த அணிக்குத்தான் இந்த வருடம் புது வீரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. அதனால் இன்று அடி வாங்குகிற அணி நான்கைந்து வருடத்தில் எழுந்துவிட வழி இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் அது கிடையாது. பள்ளி முடிக்கிற பையன் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை அவனே முடிவு செய்கிறான், கோச்சுகள் அவன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் பேசுகிறார்கள். நல்ல ஆட்டக்காரன் நல்ல அணிக்குப் போவான், அதனால் அந்த அணி இன்னும் நல்ல அணி ஆகும். தோற்கிற அணி வீட்டு வாசலில் நின்றால் கதவு திறப்பதே பெரிய விஷயம். ஐம்பது வருடமாகத் தோற்கிற அணி என்றால் யோசித்துப் பாருங்கள்.

கேன்சஸ் ஸ்டேட் அப்படித்தான் இருந்தது. மன்ஹாட்டன் என்ற ஊர், நியூயார்க்கில் இருக்கிற மன்ஹாட்டன் இல்லை, கேன்சஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். 1863-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், விவசாயப் படிப்புக்குப் பெயர் போனது. ஃபுட்பாலில் நாட்டின் முதல் நிலைக் கல்லூரிகளில் 500 தோல்வியை முதலில் தொட்டது இவர்கள்தான். 1988 வரை போன பவுல் ஆட்டம் ஒன்றே ஒன்று, 1982-இல், அதிலும் விஸ்கான்சினிடம் 14-3 என்று தோல்வி. பவுல் ஆட்டம் என்பது சீசன் நன்றாகப் போன அணிகளை வருடக் கடைசியில் அழைத்து ஆட வைக்கிற ஆட்டம், பெரிய அணிகளுக்கு அது வருடா வருடம் தீபாவளி மாதிரி வந்து போகும். இவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவை.

ஸ்னைடருக்கு முன்னால் இருந்த ஸ்டான் பாரிஷ் என்ற கோச் மூன்று சீசனில் 2 வெற்றி, 30 தோல்வி, ஒரு சமன். அந்தச் சமன் 1987-இல் பக்கத்து ஊர்க்காரர்களான கேன்சஸ் பல்கலைக்கழகத்தோடு, 17-17. 1986 அக்டோபரில் ஜெயித்ததோடு சரி, அப்புறம் ஜெயிக்கவே இல்லை. பிக் எய்ட் என்ற தங்கள் கான்பரன்ஸில், அதாவது வருடா வருடம் தங்களுக்குள் ஆடிக்கொள்கிற எட்டுக் கல்லூரிகளின் குழுவில், நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் கொலராடோவும் இருந்தன, இந்த அணியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்ற பேச்சுகூட வந்துவிட்டது. 1989 சீசன் தொடங்கும்போது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை நாட்டிலேயே மோசமான ஃபுட்பால் அணி இதுதான் என்று ஒரு முழுக் கட்டுரை போட்டது. அந்தச் சமயத்தில்தான் ஸ்னைடர் அங்கே கோச்.

வயது 49. அதற்கு முன்னால் ஒரு கல்லூரியில்கூடத் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. பிறந்தது 1939-இல், வளர்ந்தது மிசௌரியில் செயின்ட் ஜோசப்பில். அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், அம்மா ஒரு டிபார்ட்மென்ட் கடையில் வேலை பார்த்து ஒற்றை அறை வீட்டில் பையனை வளர்த்தார். மிசௌரி, கலிபோர்னியா என்று பள்ளிக்கூடங்களில் கோச் வேலை, நடுவில் யுஎஸ்சி என்ற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் எடுபிடி உதவியாளர், டெக்சாஸில் ஆஸ்டின் காலேஜ் என்ற சின்னக் கல்லூரி. அப்புறம் 1976-இல் நார்த் டெக்சாஸில் ஹெய்டன் ஃப்ரை என்பவரிடம் சேர்ந்தார். அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

ஃப்ரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் ஸ்னைடரைச் சொல்ல முடியாது. மனோதத்துவம் படித்தவர் அவர். 1979-இல் அயோவாவுக்குப் போனபோது அதுவும் பல வருடமாகத் தோற்றுக் கிடந்த அணி. ஃப்ரை முதலில் உடுப்பை மாற்றினார், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற என்எஃப்எல் அணியிடம் அனுமதி கேட்டு அவர்கள் போடுகிற மாதிரியே கறுப்பும் மஞ்சளுமாகச் செய்தார், ஜெயிக்கிறவர்கள் மாதிரி தெரிய வேண்டும் என்று. ஹெல்மெட்டுக்குப் புதுச் சின்னம் வந்தது. எதிரணி உடை மாற்றுகிற அறைக்கு இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்தார், அது ஆளைச் சாந்தப்படுத்தும் நிறமாம். கேட்டால் விளையாட்டாகத் தெரியும், ஆனால் தோற்றே பழகிய ஒரு இடத்துக்கு முதலில் மாற வேண்டியது மனசு என்று அவர் தீர்மானமாக இருந்தார். ஸ்னைடர் பத்து சீசன் அங்கே தாக்குதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் வளர்த்த குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) சக் லாங் 1985-இல், அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் கோப்பையில் போ ஜாக்சனுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அந்த அயோவா உதவிக் கோச்சுகளின் கூட்டத்திலிருந்து கிளம்பித் தலைமைக் கோச் ஆனவர்களை எண்ணினால் பேரி ஆல்வரெஸ், கர்க் ஃபெரன்ட்ஸ், பாப் ஸ்டூப்ஸ் என்று நீண்டுகொண்டே போகும்.

1988 நவம்பரில் கேன்சஸ் ஸ்டேட் கூப்பிட்டது. ஏற்கெனவே நல்ல வேலையில் இருக்கிற ஒருவர் அங்கே எதற்குப் போக வேண்டும் என்று நண்பர்கள் கேட்டிருப்பார்கள். அவர் அன்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது, கல்லூரி ஃபுட்பால் வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் நடப்பதற்கான வாய்ப்பு இங்கே இருக்கிறது, அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. அன்று கேட்டவர்கள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வந்ததும் ஃப்ரை செய்ததையே செய்தார். பல்கலைக்கழகத்தின் ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் சொல்லிப் புதிய சின்னம் வரைய வைத்தார். நாலைந்து கோட்டில் ஒரு காட்டுப்பூனையின் பக்கவாட்டு முகம். இன்று மன்ஹாட்டன் போனால் தண்ணீர்த் தொட்டி, லாரி, குழந்தை சட்டை என்று எங்கே பார்த்தாலும் அதுதான் இருக்கும். பழைய சின்னத்தைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தோல்விதான் ஞாபகம் வரும், அதனால் அதை ஒதுக்கி வைத்தார். வீரர்களுக்கு 16 குறிக்கோள்கள் எழுதிக் கொடுத்தார்: அர்ப்பணிப்பு, சுயநலமின்மை, ஒற்றுமை, தினமும் முன்னேறுதல் என்று தொடங்கித் தலைமை, பொறுப்பு என்று முடியும். ஒவ்வொன்றும் எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் 1989-இல் எழுதியதை 2018 வரை மாற்றாமல் அதே பட்டியலைத்தான் சொல்லிக் கொடுத்தார். இத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இருக்காது. நேற்றைவிட இன்று கொஞ்சம் நன்றாகச் செய்தாயா, அதுதான் அவருக்குக் கணக்கு.

அவர் எப்படி உழைத்தார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நள்ளிரவு தாண்டியும் அலுவலகத்தில் இருப்பார், சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் எல்லா வேலையும் முடிந்த அப்புறம். சாப்பிட உட்கார்ந்தால் நேரம் போகும், வயிறு நிறைந்தால் தூக்கம் வரும் என்பது அவர் கணக்கு. மற்றவர்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் வீட்டாரோடு இருக்க வேண்டிய நேரம் போய்விட்டதைப் பற்றிப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டிருக்கிறார்.

இப்போது 1989 செப்டம்பர் 30. சீசனின் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, தொடக்கமே அரிசோனா ஸ்டேட்டிடம் 31-0. 1986-இலிருந்து எண்ணினால் 30 ஆட்டமாக வெற்றி இல்லை. நான்காவது ஆட்டம் மன்ஹாட்டனில், எதிரணி நார்த் டெக்சாஸ், ஸ்னைடர் ஃப்ரையோடு மூன்று சீசன் வேலை பார்த்த அதே கல்லூரி. கேன்சஸ் ஸ்டேட் பின்தங்கியிருக்கிறது, கடிகாரத்தில் நேரம் இல்லை. குவாட்டர்பேக் கார்ல் ஸ்ட்ரா மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அணியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வருகிறார். இன்னும் ஒரே ஒரு முறை பந்தை ஆட நேரம் பாக்கி, அவ்வளவுதான். பந்தை எறிகிறார், ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் என்ற ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடிக்கிறவர், எதிரணியின் கோல் எல்லைக்குள் பிடித்துவிடுகிறார், நேரம் முடிந்துபோகிறது. 20-17. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். நாலு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்ததற்கு இவ்வளவா என்று வெளியூர்க்காரர் கேட்டிருக்கலாம், மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த சீசனில் அவர்கள் ஜெயித்தது அந்த ஒரு ஆட்டம்தான், 1-10 என்று முடித்தார்கள்.

அப்புறம் 1990-இல் 5 வெற்றி, 1991-இல் 7, அடுத்த வருடம் மறுபடி 5. 1993-இல் 9 வெற்றி, பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு. டூசானில் நடந்த காப்பர் பவுலில் வயோமிங்கை 52-17 என்று அடித்தார்கள், அந்தக் கல்லூரியின் வரலாற்றில் முதல் பவுல் வெற்றி. அதிலிருந்து 2003 வரை 11 வருடம் ஒரு வருடம்கூட விடாமல் பவுல் ஆட்டம்.

எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் ஆள் பிடிப்பது. நாடே துரத்துகிற பள்ளி நட்சத்திரங்கள் மன்ஹாட்டனுக்கு வரப்போவதில்லை, அது அவருக்குத் தெரியும். அவர் ஜூனியர் காலேஜ் பக்கம் திரும்பினார். மதிப்பெண் குறைவு, குடும்பச் சூழ்நிலை, உயரம் போதாது என்று ஏதோ ஒரு காரணத்தால் பெரிய கல்லூரிக்குப் போக முடியாத பையன்கள் இரண்டு வருடம் ஆடுகிற இடங்கள் அவை, கேன்சஸ் மாநிலத்திலேயே இந்தக் கல்லூரிகளில் ஆட்டம் ரொம்ப பலமாக நடக்கும். அங்கிருந்து வருகிறவனுக்கு வயது இருபது, உடம்பு தேறியிருக்கும், இது தனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு என்று அவனுக்கே தெரிந்திருக்கும். 1997-இல் டெக்சாஸின் பிளின் காலேஜிலிருந்து வந்த மைக்கேல் பிஷப் அப்படி வந்தவர். அங்கே ஆடிய இரண்டு வருடமும் ஜூனியர் காலேஜ் தேசிய சாம்பியன், இங்கே 1998-இல் ஹைஸ்மனில் ரிக்கி வில்லியம்ஸுக்கு அடுத்து இரண்டாவது.

இன்னொரு பக்கம் வாக்-ஆன்கள், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேருகிற பையன்கள். பெரும்பாலும் கேன்சஸின் கிராமத்துப் பிள்ளைகள். வேறு கல்லூரிகளில் இவர்கள் பயிற்சியில் அடி வாங்குவதற்காக இருப்பார்கள். ஸ்னைடர் அவர்களையும் முதல் வருடத்திலிருந்தே மற்றவர்கள் மாதிரியே தயார் செய்வார், மூன்றாவது வருடம் பார்த்தால் அவன் ஆடும் பதினொருவரில் இருப்பான். மன்ஹாட்டனுக்குப் பக்கத்தில் பண்ணை வீட்டில் வளர்ந்த ஜோர்டி நெல்சன் அப்படி வந்து சேர்ந்தவர்தான், பின்னால் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கிரீன் பே பேக்கர்ஸுக்காகப் பந்தைப் பிடித்து 140 கெஜம் எடுத்தார்.

அடுத்தது ஆட்டத்தின் கணக்கு. வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை ஓடுகிறவனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார். ஆக ஓடுகிறவனுக்கு வழி விடத் தடுப்பவர்கள் ஒன்பது பேர், எதிரணியில் பிடிக்க வருகிறவர்கள் பதினொரு பேர். குவாட்டர்பேக்கே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால்? ஓடுகிறவனும் தடுப்பவன் ஆகிவிடுகிறான், பத்துப் பேர் தடுக்கிறார்கள். ஒரு ஆள் கூடுதல். எதிரணி அதைச் சமாளிக்கப் பின்னாலிருந்து ஒருவனை முன்னால் கொண்டு வந்தால் அங்கே பந்தை எறிய இடம் திறக்கும். திறமை குறைந்த அணி ஒரு ஆளை எங்கிருந்தாவது சம்பாதித்தாக வேண்டும், அவர் அதைக் கணக்கிலிருந்து சம்பாதித்தார். இன்றைக்கு எல்லோரும் குவாட்டர்பேக்கை ஓட விடுகிறார்கள், ஸ்னைடர் இதைப் பிஷப்பை வைத்தும், எல் ராபர்சனை வைத்தும், பின்னால் காலின் கிளைனை வைத்தும் இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

அட்டவணையையும் சொல்ல வேண்டும். கான்பரன்ஸுக்கு வெளியே ஆடுகிற ஆட்டங்களுக்குச் சுலபமான எதிரணிகளாகப் பார்த்து அழைத்தார், அதற்காக நிறையத் திட்டு வாங்கினார். திட்டியவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஜெயிப்பது எப்படி இருக்கும் என்றே தெரியாத பையன்களுக்கு அக்டோபருக்குள் மூன்று வெற்றி கையில் இருந்தால் நெப்ராஸ்காவுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்பார்கள் என்று அவர் நினைத்தார். எனக்கு அது சரியாகவே படுகிறது, முதல் பத்து வருடத்துக்காவது.

நெப்ராஸ்கா என்றதும் 1998 வந்துவிடுகிறது. 1968-க்கு அப்புறம் நெப்ராஸ்காவை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அந்த நவம்பர் 14 அன்று மன்ஹாட்டனில் 40-30 என்று ஜெயித்தார்கள், கோல் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள் ஜனங்கள். 1989-இல் நாட்டின் மோசமான அணி, ஒன்பது வருடம் கழித்துத் தோல்வியே இல்லாமல் டிசம்பரில் நிற்கிறது.

டிசம்பர் 5, செயின்ட் லூயிஸ். பிக் எய்ட் விரிந்து உருவான பிக் 12 கான்பரன்ஸின் சாம்பியன்ஷிப் ஆட்டம், எதிரே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். அதுவரை தோல்வியே காணாமல் போட்டியில் இருந்த யுசிஎல்ஏ அன்றைக்கே மயாமியில் தோற்றுவிட்ட செய்தி அரங்கத்துக்கு வந்து சேர்கிறது. அதாவது இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் தேசிய இறுதி ஆட்டம். நாலாவது கால் பகுதி தொடங்கும்போது கேன்சஸ் ஸ்டேட் 27-12 என்று முன்னால் இருந்தது. 15 புள்ளி. அந்த 15-ஐயும் ஏ அண்ட் எம் திரும்ப எடுத்து 27-27 ஆக்கிவிட்டது. நேரம் முடிகிற கடைசி முயற்சியில் பிஷப் முழு பலத்தோடு பந்தை வானத்தில் எறிகிறார், கூட்டத்துக்கு நடுவில் கேன்சஸ் ஸ்டேட் ரிசீவரே பிடிக்கிறார், ஆனால் கோல் எல்லைக்கு இரண்டு கெஜம் முன்னால் விழுகிறார். இரண்டு கெஜம், அதாவது ஆறு அடி, ஒரு ஆள் படுத்தால் எட்டுகிற தூரம். கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கிற மூன்று புள்ளி. இரண்டாவது கூடுதல் நேரத்தில் கேன்சஸ் ஸ்டேட் ஃபீல்டு கோல் போட்டு 33-30. ஏ அண்ட் எம் மூன்றாவது வாய்ப்பில் 17 கெஜம் போக வேண்டிய இக்கட்டில் நிற்கிறது, சர் பார்க்கர் என்பவர் ஒரு சின்னப் பாஸைப் பிடித்து 32 கெஜம் ஓடி மூலைக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்து டச்டவுன், அதாவது பந்தோடு எல்லையைத் தாண்டி எடுக்கிற ஆறு புள்ளி, போட்டுவிடுகிறார். 36-33. முடிந்தது.

அதற்கு மேல் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. தரவரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்த அணியை ரோஸ், ஆரஞ்சு, சுகர், ஃபியஸ்டா என்று எந்தப் பெரிய பவுலும் அழைக்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் இருந்த அணிகளை அழைத்தார்கள். பெரிய ரசிகர் கூட்டமும் பழைய பெயரும் உள்ள அணிக்குத்தான் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. அலமோ பவுலுக்கு அனுப்பினார்கள், மனசு உடைந்த பையன்கள் அங்கே போய்ப் பர்டூவிடம் 37-34 என்று தோற்றார்கள், கடைசி அரை நிமிடத்தில் பர்டூவின் ட்ரூ பிரீஸ் எறிந்த டச்டவுனில். அடுத்த சீசனுக்குள் விதியை மாற்றி, மூன்றாவது இடத்தில் வருகிற அணிக்குப் பெரிய பவுலில் இடம் உறுதி என்று எழுதினார்கள். அதற்குக் கேன்சஸ் ஸ்டேட் விதி என்றே பெயர். அந்தப் பையன்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

1997-இலிருந்து 2003 வரை ஏழு சீசனில் ஆறு சீசன் 11 வெற்றி. இதை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள், ஏனென்றால் அதற்கு முந்தைய கேன்சஸ் ஸ்டேட்டுக்கு 11 வெற்றிக்குச் சில சமயம் ஐந்தாறு வருடம் ஆகும்.

அவருடைய பெரிய நாள் 2003 டிசம்பர் 6. கேன்சஸ் சிட்டியில் பிக் 12 சாம்பியன்ஷிப், எதிரே தோல்வியே காணாத முதல் இடத்து ஓக்லஹோமா. அந்த அணியின் கோச் பாப் ஸ்டூப்ஸ், ஸ்னைடர் முதல் வருடமே அயோவா தொடர்பில் பிடித்து வந்து தற்காப்புப் பக்கம் ஏழு சீசன் வைத்திருந்த அதே ஸ்டூப்ஸ். அன்று 7-0 என்று பின்தங்கிய கேன்சஸ் ஸ்டேட், அப்புறம் 35 புள்ளியைத் தொடர்ந்து எடுத்து 35-7 என்று முடித்தது. டேரன் ஸ்ப்ரோல்ஸ் என்ற ஐந்தடி ஆறங்குலப் பையன், பக்கத்து ஓலேத்தாக்காரன், 235 கெஜம் ஓடினான். 1934-க்கு அப்புறம் அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த முதல் கான்பரன்ஸ் பட்டம் அது.

அடுத்த இரண்டு சீசன் நன்றாகப் போகவில்லை, 4 வெற்றி 7 தோல்வி, அப்புறம் 5 வெற்றி 6 தோல்வி. 2005 நவம்பரில் போதும் என்று ஓய்வு பெற்றார், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று. மைதானத்துக்கு அவர் பெயரை வைக்க முடிவு செய்தார்கள், அவர் குடும்பம் என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார். அதனால்தான் அது பில் ஸ்னைடர் ஃபேமிலி ஸ்டேடியம்.

கதை இங்கே முடிந்திருந்தால்கூட நான் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்து வந்த கோச் மூன்று சீசனில் 17 வெற்றி, 20 தோல்வி, 2008 நவம்பரில் மறுபடி ஸ்னைடரிடம் போய் நின்றார்கள். வயது 69. ஒரு தடவை செய்ததை அதிர்ஷ்டம் என்று யாராவது சொல்லலாம், அவர் அதே இடத்தில் இரண்டாவது தடவை செய்து காட்டினார். மூன்றாவது சீசனில் 10 வெற்றி. 2012-இல் 11 வெற்றி, ஓக்லஹோமாவை அவர்கள் ஊரிலேயே 24-19 என்று ஜெயித்து, நவம்பரில் நாட்டிலேயே முதல் இடம். குவாட்டர்பேக் காலின் கிளைன், நடுவில் ஒரு சீசன் ரிசீவராக ஆடிக்கொண்டிருந்த பையன், ஹைஸ்மனில் மூன்றாவதாக வந்தார். முதல் இடத்தில் போய் உட்கார்ந்த அடுத்த ஆட்டத்திலேயே பேலரிடம் 52-24 என்று தோற்றார்கள், அதுவும் 1998 மாதிரியே வலித்தது. ஆனாலும் பிக் 12 பட்டம் கிடைத்தது. 2015-இல், வேலையில் இருக்கும்போதே அவரைக் கல்லூரி ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அந்த மரியாதை அவருக்கு முன்னால் மூன்று பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. 2017-இல் ஒரு வீரர் வேறு கல்லூரிக்கு மாற அனுமதி கேட்டு 35 கல்லூரிகளின் பட்டியல் கொடுத்தார், ஸ்னைடர் ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, போதாக்குறைக்கு அந்தப் பையனின் சொந்த விஷயங்களைப் பொது வெளியில் பேசிவிட்டார். அது தவறு, சந்தேகமே இல்லை. அப்புறம் மன்னிப்புக் கேட்டு அனுமதியும் கொடுத்தார். தனக்குப் பின்னால் தன் மகன் ஷான் ஸ்னைடர்தான் கோச் ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக இருந்தது கல்லூரிக்கும் அவருக்கும் நடுவில் கசப்பை உண்டாக்கியது. ஷான் நல்ல கோச்தான், ஆனால் அந்த முடிவு அப்பாவின் கையில் இருக்கக் கூடாது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

2017 தொடக்கத்தில் தொண்டையில் புற்றுநோய். சிகிச்சை எடுத்துக்கொண்டே வந்து அந்த சீசனையும் நடத்தினார், 8 வெற்றி, பவுல் ஆட்டத்தில் யுசிஎல்ஏவை ஜெயித்தார்கள். 2018 நவம்பரில் அயோவா ஸ்டேட்டிடம் 42-38 என்று தோற்றதுதான் கடைசி ஆட்டம். டிசம்பரில் விடைபெற்றபோது வயது 79. மொத்தம் 27 சீசன், 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமன். அவருக்கு முன்னால் வரலாறு முழுக்க ஒரே ஒரு பவுல் போன கல்லூரி, அவரோடு 19 பவுல் போனது.

ஊதா மைக் கடிதங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கேன்சஸ் ஸ்டேட்டின் நிறம் ஊதா. ஸ்னைடர் தினமும் ஊதா மைப் பேனாவால் கையெழுத்தில் கடிதம் எழுதுவார், தன் வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் மட்டும் இல்லை, எதிரணி வீரர்களுக்கும். தங்களோடு ஆடும்போது காலை உடைத்துக்கொண்ட பையனுக்கு, தங்களைத் தோற்கடித்த குவாட்டர்பேக்குக்கு, பார்த்தேன், நன்றாக ஆடினாய், சீக்கிரம் குணமாகி வா என்று நாலைந்து வரி. வாங்கினவர்களில் பலர் அந்தத் தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், சாய்ந்த, கொஞ்சம் நடுக்கமான எழுத்து, ஊதா நிறத்தில். ஆட்டம் தோற்றுப் பேருந்தில் திரும்பி வந்த ராத்திரியிலும் அவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

2022 டிசம்பரில் கேன்சஸ் ஸ்டேட் மறுபடி பிக் 12 பட்டம் வாங்கியது, டிசியூ என்ற டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 31-28 என்று ஜெயித்து. தலைமைக் கோச் கிறிஸ் கிளைமன். தாக்குதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் காலின் கிளைன், அன்றைக்கும் குவாட்டர்பேக்கை ஓட விட்டார்.